ரேம் இரண்டையும் அனுப்பிவை

அன்பு மாப்ள,

நலம், நலமறிய ஆவல். கடிதம் போட்டு எத்தனை நாளாச்சு என்று நீ ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், நீயும்தான் போடவில்லை. கணக்கு நேர். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முழங்கால் தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பழைய கம்ப்யூட்டர் ரேமில் 3.2 வோல்ட் தொட்டாச்சு.

நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய், தெரியும். ஆமாம், அதே போர்டுதான். நாம் இருந்த 17ஆம் நம்பர் ரூமில் ஓடிய என்ஃபோர்ஸ்2 மதர்போர்டு. பரணில் இருந்து இறக்கியபோது சிப்செட் விசிறி மாவு மில் மாதிரி கத்தியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மொத்த அலுமினிய ஹீட் சிங்க்கை வைத்தேன். ரேமுக்குப் பக்கத்தில் இருந்த கெபாசிட்டர்களில் இரண்டு தலை உப்பியிருந்தது. அந்தக் காலத்து போர்டுகளுக்கெல்லாம் இருந்த அதே வியாதிதான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 6.3 வோல்ட் தாங்கும் புதுசாகப் போட்டேன். பிராசசரும் அதே அத்லான் எக்ஸ்பி பார்ட்டன் 2500+, அப்படியே இருக்கிறது. மல்டிப்ளையரை, அதாவது கடிகாரத்தைப் பெருக்கும் எண்ணைப் பூட்டுவதற்கு முன்னால் வந்த சிப்பு என்று நீ அலட்டிக்கொண்டது பொய்யில்லை, இன்னமும் எந்தப் பெருக்கலுக்கும் மசிகிறது.

போர்டை அமைக்கும் மெனுவான பயாஸ் என்னவோ பழைய பிடிவாதத்தை விடவில்லை. ரேம் வோல்ட்டை 2.9க்கு மேல் ஒரு புள்ளி ஏற விடாது. டிடிஆர்-400 ரேமுக்கு விதித்தது 2.6 வோல்ட், 2.9 கொடுப்பதே பெரிய மனசு என்று நீ அன்றைக்கும் சொன்னாய். டிசிசிடி கட்சிக்காரன் அப்படித்தான் பேசுவான். சாம்சங்கின் ரேம் சிப்பான டிசிசிடி 2.8 கொடுத்தாலே கடிகாரத்தில் எங்கேயோ போய்விடும், அதற்கு மேல் வோல்ட் ஏற்றினால் ஒன்றும் நடக்காது, சூடுதான் ஏறும். ஆனால் டைமிங்கை, அதாவது எத்தனை சுற்று காத்திருப்பது என்பதை, 2.5-3-3 என்று தளர்த்தினால்தான் ஓடும். ஓடட்டும். வின்பாண்ட் கம்பெனியின் பிஹெச்-5 சிப்பு அந்த ஜாதி இல்லை. 2-2-2 என்று இறுக்கிப் பிடித்துவிட்டு வோல்ட்டை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறிக்கொண்டே போகும். 3.3 தாண்டியும் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். நாம் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாகச் சண்டை போட்டதற்கு இப்போதாவது விடை வேண்டாமா?

நீ மென்பொருள் பக்கம் போய் ஓம் விதியையே மறந்திருப்பாய். பொறுமையாகப் படி, கடைசியில் உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

ரேம் செல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி கெபாசிட்டர். அதில் மின்னூட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் ஒன்றும் சுழியும். படிக்கும்போது அந்தத் துளி மின்னூட்டம் ஒரு நீளமான கம்பியில் கொட்டி, கம்பியின் அழுத்தத்தை இம்மியளவு அசைக்கும். அந்த அசைவைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கும் சுற்று ஒன்று முனையில் காத்திருக்கும். வோல்ட்டை ஏற்றினால் செல்லில் மின்னூட்டம் கூடும், அசைவு பெரிதாகும், ட்ரான்சிஸ்டர்களும் சீக்கிரம் திறந்து மூடும். அதனால் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். விலை என்னவென்றால் சூடு. வோல்ட்டின் வர்க்கத்துக்குப் போகும் சூடு, 2.6இல் இருந்து 3.2 என்றால் அதுவே ஒன்றரை மடங்கு. கடிகாரத்தை ஏற்றினால் அதற்குத் தனி. செல் சூடானால் மின்னூட்டம் சீக்கிரம் கசியும், கசிந்தால் பிழை. அதனால் ரேமுக்கு நேர் மேலே ஒரு விசிறி கட்டாயம்.

இனி, வோல்ட்டை ஏற்றும் வித்தை. போர்டில் ரேமுக்கென்று ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. 3.3 வோல்ட் வழியில் இருந்து வாங்கி, மாஸ்ஃபெட் என்ற ட்ரான்சிஸ்டர் வழியாக 2.6 ஆக்கித் தரும். தான் தருவது சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்கு ஃபீட்பேக் பின் ஒன்று. வெளியே போகும் வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் பங்கு போட்டு, அந்தப் பங்கை இந்தப் பின்னில் காட்டும். நம்ம சிப்பு அங்கே 0.8 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. மேலே 2.25 கிலோ ஓம், கீழே 1 கிலோ ஓம். 0.8ஐ 3.25ஆல் பெருக்கிப் பார், 2.6 வரும்.

கீழ் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில், அதாவது ஃபீட்பேக் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், நீ இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் கீழ்ப்பக்க மதிப்பு குறையும். பின்னில் 0.8 இல்லாமல் போகும். ஐயோ வோல்ட் குறைந்துவிட்டதே என்று ரெகுலேட்டர் தானாக ஏற்றும். தராசுத் தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்து எடையை ஏமாற்றுகிற வேலை, அவ்வளவுதான். 3.2 வேண்டுமென்றால் கீழே 750 ஓம் இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் 3 கிலோ ஓம் போட்டால் போதும். நான் 10 கிலோ ஓம் ட்ரிம்மர், அதாவது திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர் போட்டேன், பல சுற்று சுற்றினால்தான் நகரும் ரகம். முழுசாக 10க்குத் திருப்பி வைத்தாலே 2.78 வந்துவிடும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் 50 கிலோ ஓம் போட வேண்டும், எனக்கு அந்தத் தேவை இல்லை. அதே ட்ரிம்மரை 1 கிலோ ஓமில் விட்டுவிட்டு ஆன் செய்தால் கணக்குப்படி 4.4. 3.3 வழியில் இருந்து அது வராது, சரி. ஆனால் வரக்கூடிய மொத்தமும் கதவைத் திறந்துகொண்டு ரேம் மேல் இறங்கும்.

இங்கேதான் அண்ணன்.

லேப் அண்ணனைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்றுதான் பேனாவையே எடுத்தேன், வோல்ட் பக்கம் போய்விட்டேன். ரிட்டையர் ஆகி வீட்டோடு இருக்கிறார். போய்ப் பார்த்தேன். வலது கை நடுங்குகிறது மாப்ள. பார்க்கின்சன். கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும் ஐசி காலில் ஒரு கால் விடாமல் ஈயம் வைத்த கை அது. நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவர், "கைதானடா நடுங்குது, கண்ணு நடுங்கலையே, போர்டைக் கொண்டா" என்றார்.

கொண்டு போனேன். நான் பற்றவைக்க, அவர் இடது கையில் மீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு எண்களைப் படித்தார். ஃபீட்பேக் பின்னில் நேராக ஈயம் வைக்கவே விடவில்லை. அந்தப் பின்னோடு சேர்ந்திருக்கும் ரெசிஸ்டரின் முனையைத் தேடு, அங்கே இடம் அகலம் என்றார். போர்டு ஆஃபில் இருக்கும்போது கிரவுண்டுக்கு எவ்வளவு ஓம் காட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் அயர்னையே சூடாக்கச் சொன்னார். முடி மாதிரி மெல்லிய கம்பி, முனையில் முன்கூட்டியே ஈயம், ஈயம் ஒட்டுவதற்கு ஒரு சொட்டு ஃப்ளக்ஸ், தொட்டதும் எடுத்துவிடு. கிரவுண்ட் பக்கம்தான் படுத்தியது. போர்டின் உள்ளே கிரவுண்ட் முழுத் தகடாக ஓடுகிறதே, சூட்டையெல்லாம் அது குடித்துவிட்டு ஈயத்தை உருகவிடாது. அதற்கு ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்து வளையத்தைக் காட்டினார். ட்ரிம்மரைச் சூடான பசை வைத்து போர்டோடு ஒட்டினோம். கம்பி மெல்லிசு, ட்ரிம்மர் தொங்கினால் அதன் பாரமே பின்னைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் திரும்பவும் ஓம் அளந்தோம். முன்பு குறித்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. "இப்ப ஆன் பண்ணு" என்றார். ரேமைப் போடவே இல்லை என்று ஞாபகப்படுத்தினேன். "அதான் ஆன் பண்ணச் சொல்றேன்" என்றார். ஸ்லாட் காலியாக இருக்கும்போதே வோல்ட்டை அளந்து, ட்ரிம்மரைத் திருப்பினால் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, திரும்பக் கீழே கொண்டுவந்து வைத்த பிறகுதான் ரேமுக்கு அனுமதி.

உன்னைக் கேட்டார். "அவன் இன்னும் பென்சில்தானா?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. பென்சில் சமாச்சாரத்தை என் வாயில் இருந்து எவனும் பிடுங்க முடியாது. ஆனால் அவருக்கு ஒரு போன் போடுடா. மத்தியானத்துக்கு மேல் போடு, காலையில் மருந்து சாப்பிட்டுவிட்டு அசந்திருப்பார். பேச ஆள் இல்லை அவருக்கு. நீ ஆரம்பித்தால் போதும், ஃப்ளக்ஸ் பற்றியே முக்கால் மணி நேரம் பேசுவார்.

சரி, முடிவுகள். பயாஸில் 2.6 என்றே விட்டுவிட்டேன், ஏற்றுவதெல்லாம் ட்ரிம்மரில். ரேமின் சிக்னல் கம்பிகளின் முனைக்குக் கொடுக்கும் டெர்மினேஷன் வோல்ட்டைத் தனியாகப் பார்த்தேன், அது எப்போதும் ரேம் வோல்ட்டில் பாதியாகக் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு ஏற்றினாலும் பிழை நிற்காது. 3.2க்கு 1.6, சமர்த்தாக வந்தது. மேலே போக முடியாததற்கு 3.3 வழிதான் காரணம், பாரம் ஏறினால் என் பவர் சப்ளையில் அது 3.25க்கு இறங்கிவிடுகிறது. விதிப்படி 3.3க்கு ஐந்து சதவீதம் கூடக் குறையப் போகலாம், 3.465 வரை. பவர் சப்ளை தன் வோல்ட்டை அளந்துகொள்ளும் அந்த சென்ஸ் கம்பியில் கை வைத்தால் ஏற்றலாம் என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வழியில் ரேம் மட்டுமா இருக்கிறது? தொடமாட்டேன்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் ஐந்தாவது டெஸ்டை மட்டும் ராத்திரி முழுக்கச் சுற்ற விட்டேன். அது தேறாமல் விண்டோஸ் பக்கமே போகவில்லை. ரேம் பிழையோடு விண்டோஸ் ஏறினால் குப்பையை ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு ரேம் 230 மெகாஹெர்ட்ஸ், 2-2-2-11, ஒரு பிழை இல்லை. (அந்த 11ஐப் பார்த்துச் சிரிக்காதே, என்ஃபோர்ஸ்2க்கு அதுதான் பிடிக்கும்.) 10.5ஆல் பெருக்கி பிராசசர் 2415 மெகாஹெர்ட்ஸ். இன்னொரு ரேம் 222லேயே படுத்துவிட்டது. வோல்ட் கொடுத்தாலும் எழவில்லை, ஈரத் துணியில் காற்று வீசிக் குளிர வைத்தாலும் எழவில்லை. ஜோடியாகப் போட்டால் 222தான், மெதுவானவன்தான் வேகத்தை முடிவு செய்கிறான்.

நீ கேட்கப்போவது தெரியும். இதனால் யாருக்கு என்ன லாபம்? பை மதிப்பைக் கணக்கிடும் சூப்பர் பை, பத்து லட்சம் இலக்கத்துக்கு நாற்பது சொச்சம் வினாடி எடுக்கிறது, இன்றைக்கு வரும் சிப்பு பத்து வினாடிக்குள் முடித்துவிடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு எனக்குத் தூக்கம் போச்சு. டிடிஆர்-400, சிஎல் (கேட்டதும் காத்திருக்கும் சுற்று) 2. ஒரு சுற்று 5 நானோ வினாடி, இரண்டு சுற்று 10. உன் வீட்டுக்குப் புதுசாக வந்திருக்கும் டிடிஆர்5-6000, சிஎல் 30. ஒரு சுற்று மூன்றில் ஒரு பங்கு நானோ வினாடி, முப்பது சுற்றுக்கு அதே 10! இருபது வருஷம், மூன்று தலைமுறை தாண்டி, அந்த முதல் காத்திருப்பு ஒரு நானோ வினாடிகூட நகரவில்லை. அகலம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. இரட்டைச் சேனலில் வினாடிக்கு 6.4 ஜிபி போனது இப்போது 96. பதினைந்து மடங்கு. அதிலும் நம்ம அத்லான் எக்ஸ்பிக்கு டேட்டா போகும் எஃப்எஸ்பி வழி 3.2 ஜிபிக்கு மேல் விழுங்காது என்பதால் பாதி வீண். ஆனால் வேலையை ஆரம்பிக்கும் அந்த நொடிப்பொழுதில், 230இல் ஓடும் என் பரண் சாமானுக்கு 8.7 நானோ வினாடி. உன் புதுசைவிட முந்தி. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதை உரக்கப் படித்துக் காட்டவும்.

இனி கொஞ்சம் சீரியஸாக. பாப்பா தன் புது மெஷினில் ரேம் வோல்ட்டை ஏற்ற நினைக்கிறாள், மாமாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நம்ம காலத்தில் ரேமை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலர், போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிப்செட்டில் இருந்தது. வோல்ட்டை ஏற்றிச் சொதப்பினால் ரேம் போகும், மிஞ்சிப்போனால் போர்டு போகும், பிராசசர் பாட்டுக்குத் தனியாக இருக்கும். 2003இல் அத்லான் 64 வந்ததும் ஏஎம்டி அதை பிராசசருக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இன்டெல் 2008இல் கோர் ஐ7இல் அதையே செய்தது. செய்த கையோடு டிடிஆர்3க்கு 1.65 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதே என்றும் சொல்லியது. அதற்கு முன்னால் வந்த வேகமான டிடிஆர்3 ரேம்களில் 1.9, 2 வோல்ட் கேட்கும் ரகமெல்லாம் உண்டு. அந்த மாதிரி ஒன்றைப் புது போர்டில் போட்டால் அடி வாங்குவது பிராசசர். அன்றைக்கே விளையாட்டு மாறிவிட்டது, நமக்குத்தான் உறைக்கவில்லை.

டிடிஆர்5இல் இன்னும் ஒரு படி. ரெகுலேட்டரே போர்டில் இல்லை, ஒவ்வொரு ரேமின் மேலேயே ஒரு பவர் சிப்பு உட்கார்ந்திருக்கிறது. போர்டு 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1.1தான் விதித்தது, பயாஸில் ரேமை லேபிள் வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ, எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டால் ரகத்தைப் பொறுத்து 1.35, 1.4 என்று போகும். சில ரேமில் அந்தப் பவர் சிப்பு பூட்டியே வரும், 1.435க்கு மேல் நகராது. ஆக, அங்கே அயர்னுக்கு வேலையே இல்லை. பயாஸில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. எனக்குப் பயம் அந்த இடத்தில்தான். ட்ரிம்மரைத் திருப்பும்போது ஒரு கண் மீட்டரில் இருக்கும், அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் நகரவில்லை என்று எனக்குத் தெரியும். எக்ஸ்போவை ஆன் செய்தால் ரேம் வோல்ட்டோடு சேர்த்து பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டையும் போர்டு தன் இஷ்டத்துக்கு ஏற்றிவிடும். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் கருகினதே, படித்திருப்பாய். அதற்கு அப்புறம்தான் ஏஎம்டி எஸ்ஓசிக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்துப் புது பயாஸ் விடச் சொன்னது. யாரும் அங்கே கம்பி பற்றவைக்கவில்லை மாப்ள. மெனுவில் ஒரே ஒரு வரியை ஆன் செய்தவர்கள்தான்.

அதனால் பாப்பாவிடம் இதைச் சொல். முதலில் பயாஸைப் புதுசாக்கட்டும். எக்ஸ்போ போட்ட பிறகு எஸ்ஓசி வோல்ட் எவ்வளவு என்று பார்க்கட்டும். 1.3க்குக் கீழே இருந்தால் சரி, 1.25இலோ அதற்குக் கீழோ நிலையாக ஓடினால் இன்னும் நல்லது, தானே கையால் எழுதி வைக்கட்டும், "ஆட்டோ" என்று விடவேண்டாம். ரேம் வோல்ட்டை லேபிளில் போட்டிருப்பதற்கு மேல் ஏற்ற ஆசை இருந்தால், முதலில் ரேமின் சூட்டைப் பார்க்கும் வழியைச் செய்துகொள்ளட்டும். டிடிஆர்5இல் அதற்கான சென்சார் கூடவே வருகிறது, மென்பொருளில் தெரியும். 85 டிகிரி தாண்டினால் செல்களுக்கு ரிஃப்ரெஷ், அதாவது கசிந்த மின்னூட்டத்தைத் திரும்ப நிரப்புவது, இரண்டு மடங்கு அடிக்கடி தேவைப்படும் என்று விதியிலேயே இருக்கிறது, ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே பிழை வர ஆரம்பித்துவிடும். சந்தேகம் என்றால் என்னை நேராகக் கூப்பிடச் சொல். உன்னிடம் சொல்லி நீ எனக்குச் சொல்வதற்குள் பாதிக் கேள்வி காணாமல் போகிறது. "மாமா, ரேமுக்கு டென்ஷனா?" என்று எழுதியிருந்தாய். அவள் டெர்மினேஷன் என்று சொல்லியிருப்பாள்.

அவளைத் தடுக்காதே. அவளுக்கு முன்னால் மட்டும் பெரிய மனுஷன் மாதிரி அட்வைஸ் பண்ணாதே, 17ஆம் நம்பர் ரூமில் பவர் சப்ளையை வெறுங்கையால் தொட்டது யார் என்று நான் எழுதிப் போட்டுவிடுவேன்.

இப்போது காரியம். ரூம் சாமானைப் பிரித்துக்கொண்டபோது ஒரு பிஹெச்-5 ஜோடியை நீ எடுத்துக்கொண்டு போனாய். எதற்கு எடுத்தாய் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை, நீதான் டிசிசிடி ஆள். அந்த ஜோடி எனக்கு வேண்டும். என்னிடம் இருப்பதில் ஒன்று நன்றாக ஓடுகிறது, இன்னொன்று நொண்டி. உன் இரண்டில் ஒன்றாவது 230 தாண்டினால் ஜோடி சேர்ந்துவிடும். வின்பாண்ட் எப்போதோ தயாரிப்பை நிறுத்திய சிப்பு, வெளியில் தேடினால் லேபிள் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. சிஹெச்-5ஐ பிஹெச்-5 என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அது இரண்டாவது 2ஐ இறுக்கிப் பிடிக்காது. உன்னிடம் இருப்பது அசல் என்று தெரியும், நாமே பார்த்ததுதானே.

பிளாஸ்டிக் கவரில் சுற்றாதே. போர்டு வந்த அந்தச் சாம்பல் நிற ஆன்டிஸ்டாடிக் பை இருந்தால் அதில் போடு, இல்லையென்றால் பாப்பாவின் புது போர்டு வந்த பை இருக்கும், அதைத் திருடு. தங்கக் காலில் விரல் படாமல் ஓரத்தில் பிடி. இரண்டுக்கும் நடுவே அட்டை வை. ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஹீட் ஸ்ப்ரெடர் தகட்டைப் பிரித்து உள்ளே எழுத்தைப் படித்துப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும், வேண்டாம். பசை காய்ந்து இறுகியிருக்கும், குளிரக் குளிர இழுத்தால் சிப்பும் சேர்ந்து கையோடு வரும். படிப்பதை நான் இங்கே சூடு காட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்குப் போன் போட மறக்காதே. போர்டு அவர் வீட்டில்தான் இருக்கிறது, ரேம் வந்ததும் சேர்ந்து ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் கேட்கிறார்.

உன்,
மச்சான்

பி.கு.: டிசிசிடி ஜோடியையும் சேர்த்து அனுப்பத் தோன்றினால் தடுக்கமாட்டேன். 2.8க்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று எழுதியே தருகிறேன்.